எல்லா வரியும் மாறிவிட்டது என்று டிஃப் சொன்னால்

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்காக நானும் நண்பரும் பிஎச்பி மொழியில் ஒரு பதிவு மென்பொருள் எழுதுகிறோம். யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வாய்க்கால், காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் என்ன கட்டணம் என்பதெல்லாம் அதில் வரும். நான் கிளிநொச்சியில் விண்டோஸ் லாப்டொப்பில் எழுதுகிறேன், அவர் வவுனியாவில் உபுண்டுவில். பென்ட்ரைவில் ஒரு கொப்பி எடுத்துப்போய் இருவரும் தனித்தனியாக மாற்றிவிட்டோம். இப்போது சேர்க்கலாம் என்று, கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடும் டிஃப் கட்டளையைப் போட்டால் கோப்பின் எல்லா வரியும் மாறியதாகக் காட்டுகிறது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுதான். நிரலின் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தும் கோட் ஃபோர்மட்டர் ஒன்றை ஓடவிட்டுச் சுத்தமாக்கிவிட்டு ஒப்பிடலாமா?

பதில்: வேண்டாம். ஃபோர்மட்டர் கடைசியில் வர வேண்டிய வேலை. இப்போது ஓடவிட்டால், நீங்கள் இருவரும் உண்மையில் மாற்றிய வரிகள் அது மாற்றும் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் புதைந்துவிடும். முதலில் இரண்டு போல்டரையும், பிரிவதற்கு முன்பிருந்த பழைய கொப்பியையும் அப்படியே வேறோர் இடத்தில் எடுத்து வையுங்கள். அந்தப் பழைய கொப்பி பென்ட்ரைவில் கிடந்தால் அழித்துவிடாதீர்கள், அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் உபுண்டு கணினியிலேயே செய்வது சுலபம். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். பெரிய எழுத்து என்று சொல்லும் இடம் தவிர மற்றதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எல்லா வரியும் மாறியதாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வரிமுடிவு. விண்டோஸ் எடிட்டர்கள் வழக்கமாக ஒவ்வொரு வரியையும் 13, 10 என்ற இரண்டு பைட்டுகளால் முடிக்கும். உபுண்டு போன்ற லினக்ஸில் 10 மட்டும்தான். டிஃப்புக்கு வரி என்றால் பைட்டுகளின் வரிசை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு பைட் போதும், வரி வேறாகிவிட. உறுதிப்படுத்த, ஃபைல் என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள். பதிலில் சிஆர்எல்எஃப் (அந்த 13, 10 ஜோடியின் பெயர்) என்று வந்தால் அதுதான் காரணம். கேட் கட்டளையோடு பெரிய ஏ சேர்த்தால் வரிக்கு வரி டொலர் குறிக்கு முன்னால் தொப்பிக்குறியும் எம்மும் நிற்பதைப் பார்க்கலாம்.

எதையும் மாற்றாமலே நிலவரத்தை அறிய டிஃப்பில் வழி இருக்கிறது. ஆர், க்யூ என்ற இரண்டு தெரிவுகளோடு (ஒப்ஷன்களோடு) இரு போல்டர்களின் பெயரையும் கொடுத்தால் எந்தெந்தக் கோப்பு வேறு என்று பட்டியல் மட்டும் வரும். அதோடு ஸ்ட்ரிப்-ட்ரெய்லிங்-சிஆர் என்ற நீண்ட தெரிவையும் சேர்த்தால் வரிமுடிவு வித்தியாசம் கணக்கில் வராது. பெரிய இசட், வரிக் கடைசியில் தொங்கும் இடைவெளியை விட்டுவிடும். பெரும்பாலும் பட்டியல் இங்கேயே ஒரு சில கோப்புகளாகச் சுருங்கிவிடும்.

டபிள்யூ தெரிவைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். எல்லா இடைவெளியையும் ஒதுக்கிவிடும் என்பதால் வசதிதான், ஆனால் நான் அதை நம்பமாட்டேன். ஒருவர் வட்டக்கச்சி என்றும் மற்றவர் நடுவில் இடம் விட்டு வட்டக் கச்சி என்றும் எழுதியிருந்தால் டிஃப் வாய் திறக்காது. உங்கள் தரவுத்தளத்தில் அவை இரண்டு ஊர்கள். பைதான் மொழியாக இருந்தால் இன்னும் மோசம், அங்கே வரித் தொடக்க இடைவெளி மாறினாலே நிரலின் பொருள் மாறிவிடும்.

சரி, சுத்தம் செய்வோம். டொஸ்2யுனிக்ஸ் என்ற கருவியை நிறுவி மூன்று கொப்பிகளிலும் ஓடவிடுங்கள். படம் போன்ற பைனரிக் கோப்புகளை அது தானாகவே விட்டுவிடும். கோப்பின் தலையில் பழைய நோட்பேட் ஒட்டிவைக்கும் பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளையும் நீக்கிவிடும். பிஎச்பியில் லொகின் பக்கம் காரணமில்லாமல் ஹெடர் பிழை காட்டினால் பல நேரம் அந்த மூன்று பைட்தான் குற்றவாளி.

இதற்குப் பிறகும் ஒரே மாதிரித் தெரியும் வரிகள் வேறென்று வந்தால், அவை தமிழ் வரிகளா என்று பாருங்கள். யுனிகோடில் கொக்காவில் என்பதன் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம். டிஃப்புக்கு அந்த விதி தெரியாது, தரவுத்தளத் தேடலும் பல நேரம் தவறவிடும். உபுண்டுவில் ஐசியு-டெவ்டூல்ஸ் பொதியில் வரும் யுகொன்வ் கட்டளைக்கு எக்ஸ் தெரிவில் எனி-என்எஃப்சி என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வரும். வெளியீட்டைப் புதுக் கோப்பில் எழுதுங்கள். அதே கோப்பிலேயே எழுதச் சொன்னால் வாசிப்பதற்கு முன்பே அது காலியாகிவிடும்.

அதுவும் சரிசெய்யாத ஒன்று உண்டு. கௌதாரிமுனையின் முதலெழுத்தைச் சிலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுகிறார்கள். அது யுனிகோடுக்கும் வேறு சொல்தான். கொம்பும் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்று என்று செட் கட்டளையிடம் சொல்லிவிடாதீர்கள், வெள்ளாங்குளம் சிதைந்துபோகும். கிரெப்பால் தேடி, ஊர்ப்பெயரை முழுச் சொல்லாகக் கொடுத்து மாற்றுங்கள்.

இனி சேர்ப்பது. இரண்டு கொப்பிகளை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எது வேறு என்று தெரியும், யார் மாற்றியது என்று தெரியாது. ஒரு வரி உங்களிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது என்றால், அவர் சேர்த்தாரா, நீங்கள் அழித்தீர்களா? பழைய கொப்பி இல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. ஒரு கோப்புதான் என்றால், மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளை எடுத்து, கிட் மெர்ஜ்-ஃபைல் என்று தட்டி உங்கள் கோப்பு, பழைய கோப்பு, நண்பரின் கோப்பு என்ற வரிசையில் கொடுங்கள். முடிவு உங்கள் கோப்பிலேயே எழுதப்படும். இருவரும் ஒரே வரியிலோ ஒட்டிய வரிகளிலோ கைவைத்த இடங்களை மட்டும் ஏழு கோண அடைப்புக்குறிகளால் அடையாளமிட்டுவிடும். அதை நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். நிறையக் கோப்புகள் என்றால், பழைய கொப்பியைக் கிட்டில் முதல் கொமிட்டாக (பதிவாக) வைத்து அதிலிருந்து இரண்டு கிளைகள் எடுங்கள். ஆளுக்கொரு கிளையில் கோப்புகளைப் போட்டுவிட்டு மெர்ஜ் செய்யுங்கள். கண்ணால் பார்த்தபடி சேர்க்க மெல்ட் நல்ல கருவி.

மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்த பிறகு ஃபோர்மட்டரை எடுக்கலாம். பிஎச்பிக்கு பிஎச்பி-சிஎஸ்-ஃபிக்ஸர் போதும். ஆனால் அந்த மாற்றத்தைத் தனிக் கொமிட்டாகப் போடுங்கள், கட்டணக் கணக்கில் ஒரு வரியைக்கூட அதோடு கலக்க வேண்டாம்.

மீண்டும் இந்த நிலை வராமலிருக்க, டொட் கிட்அட்ரிபியூட்ஸ் என்ற கோப்பில் நட்சத்திரக் குறி, இடைவெளி, டெக்ஸ்ட் சமன் ஆட்டோ என்று ஒரு வரி போதும். யார் எந்தக் கணினியில் எழுதினாலும் கிட் களஞ்சியத்துக்குள் வரிமுடிவு ஒன்றாகவே போகும். இணையம் சரியாகக் கிடைக்காத நாட்களில் பென்ட்ரைவையே தொடரலாம், போல்டரைக் கொப்பி பண்ணாமல் கிட் பண்டில் செய்து கொடுத்தால். வரலாறு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும், நண்பர் அதிலிருந்து மாற்றங்களை நேரே புல் செய்து (இழுத்து) எடுத்துக்கொள்வார்.