கோத்தகிரியில் கார் ஷெட்டின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையை எடுத்துவிட்டு உலோகத் தகடு போடலாமா? எந்தக் கனத்தில் வாங்க வேண்டும்?

தாராளமாகப் போடலாம். பாசி பிடித்து, விரிசல் விட்டு ஒழுகும் ஷீட்டைத் தார் பூசி இன்னும் சில மழைகளுக்கு ஓட்டுவதைவிட, மொத்தமாக மாற்றிவிடுவதே சரி. ஆனால் நீங்கள் கனத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் எங்கள் கார் ஷெட்டுக்கும் இதே மாற்றத்தைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் தகட்டுக் கூரை நன்றாக அமைவதும் அமையாததும், தகட்டின் மேல் விழும் மழையைவிட, அதன் அடிப்பக்கத்தில் கட்டும் ஈரத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில், மெல்லிய உலோகத் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. கீழே நிற்கும் காரோ நனைந்து வந்த வண்டி. இன்ஜின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி மேலே எழுந்து, குளிர்ந்த தகட்டில் பட்டு நீர்த்துளிகளாகிறது. விடியற்காலையில் கார்மீது சொட்டும் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கூரை ஒழுகுகிறது என்று வேலை செய்தவரைக் கூப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. சிமெண்ட் கலந்த பழைய ஷீட் கனமானது. ஓரளவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளவும் கூடியது. அதனால்தான் இந்தத் தொல்லை முன்பு கண்ணில் படவில்லை.

இதைத் தவிர்க்க இரண்டு ஏற்பாடுகளும் சேர்ந்தே தேவை. முதலாவது, சட்டங்களின்மேல் அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பை இழுத்துக் கட்டி, இணைப்புகளை டேப்பால் மூடி, அதன்மேல் தகட்டைப் போடுவது. அல்லது அடிப்பக்கத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பகலில் உலரவிடும் துணி போன்ற படலத்துடன் வரும் தகடுகளை வாங்குவது. இரண்டாவது, இறவாரத்திலும் முகட்டிலும் காற்று போய்வர இடைவெளி விடுவது. அந்த இடைவெளியில் எலியும் குரங்குக் குட்டியும் நுழையாதபடி கம்பி வலை அடித்துவிடுங்கள். குளிர்கிறது என்று ஷெட்டை எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த தகடும் கீழிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும்.

இனி கனம். கார் ஷெட்டுக்கு 0.50 மி.மீ. போதும், குரங்குகள் குதித்தோடும் இடங்களில் 0.35 மி.மீ. தகடு சீக்கிரமே நெளிந்துவிடும். கடைக்காரர் சொல்லும் 0.50 என்பதில் பூச்சும் பெயிண்டும் அடங்கியிருக்கலாம் என்பதால், எஃகின் கனம் மட்டும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதைவிட முக்கியம் பூச்சின் அளவு. கால்வால்யூம் எனப்படும் தகட்டின் பூச்சில் ஏறத்தாழ 55 விழுக்காடு அலுமினியமும், மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும், சிறிதளவு சிலிக்கானும் உள்ளன. சதுர மீட்டருக்கு இருபக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு உள்ளதையே வாங்குங்கள். அதில் பாதிகூடப் பூசாத தகடுகளும் அதே நிறத்தில், அதே பளபளப்புடன் விற்கப்படுகின்றன. முகட்டிலிருந்து இறவாரம் வரை ஒரே துண்டாக வரும்படி அளவு கொடுத்து வெட்டி வாங்கினால் குறுக்கு இணைப்பே இராது. கார் ஷெட் அளவுக்கான தகட்டைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றிவருவதில் சிரமம் ஒன்றும் இல்லை.

பழைய ஷீட்டை இறக்குவதுதான் உண்மையில் ஆபத்தான வேலை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை ஆஸ்பெஸ்டாசின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக வகைப்படுத்தியிருக்கிறது. உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, கொக்கி போல்ட்டுகளைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, ஆஸ்பெஸ்டாஸ் தூசியைத் தடுக்கும் பி100 அல்லது எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் வேண்டும். நைந்த ஷீட் ஆள் எடையைத் தாங்காது. சட்டங்களின்மேல் பலகை போட்டே நடக்க வேண்டும். இறக்கியதைக் கோழிக்கூண்டுக்கும் பாதையில் பரப்பவும் கேட்டு வருவார்கள், கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். செலவு மிச்சம் என்று பழைய ஷீட்டின் மேலேயே தகட்டை வைத்துத் துளையிடும் யோசனையை ஏற்காதீர்கள். தூசி கிளம்புவதோடு, அடியில் உளுத்துப்போன மரமும் மறைந்துவிடும்.

பழைய ஷீட் சதுர மீட்டருக்கு 12 கிலோவுக்கு மேல் இருக்கும். புதிய தகடு 4 முதல் 5 கிலோதான். கைமரங்களுக்குப் பாரம் குறைகிறது என்று மகிழும்போதே, இதுவரை கூரையைக் காற்றில் அழுத்திப் பிடித்திருந்தது அந்தப் பாரம்தான் என்பதையும் நினைக்க வேண்டும். எனவே சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைத்து, ஓரங்களிலும் முகட்டிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். திருகாணி தகட்டின் மேட்டில் இறங்கட்டும், பள்ளத்தில் வேண்டாம். ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் அது விரைவில் வெடித்துவிடும். கோத்தகிரிப் பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் வருகிறது என்பதால், தகடுகளை மேற்கு ஓரத்தில் தொடங்கிக் கிழக்கு நோக்கி அடுக்கினால், மேலேறிய தகட்டின் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

சுவரும் தகடும் சேருமிடத்தைச் சிமெண்ட் கலவையால் பூசுவது இங்கே பல கொத்தனார்களின் பழக்கம். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சை அரித்துவிடும். அங்கே மடித்த தகடும் இடைவெளியை அடைக்கும் சிலிக்கோன் பசையும்தான் வேண்டும். கிரைண்டரால் வெட்டினாலும் பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகும், ஆகவே கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். துளையிட்ட இரும்புத்தூளை அன்றைக்கே பெருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் கூரையெங்கும் துருப்புள்ளிகள் தெரியும்.

வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; உறைபனி விழுந்த காலையில் மட்டும் வெயில் ஏறும்வரை யாரையும் தகட்டின்மேல் ஏற்றாதீர்கள். கடைசியாகக் கூரைத் தண்ணீர்: 20 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தாலே 200 லிட்டர் வடியும். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தண்ணீரை ஷெட்டின் பின்மேட்டிலோ சரிவின் விளிம்பிலோ விழவிடாமல், இறவாரத்தில் வாரி (தண்ணீரைப் பிடிக்கும் நீள்தொட்டி) வைத்துக் குழாய் வழியே கல் கட்டிய வடிகால் வரை கொண்டுபோய் விடுங்கள். பக்கத்தில் சில்வர் ஓக் மரம் இருந்தால் மழைக்கு முன் ஒருமுறையாவது அந்த வாரியில் சேரும் இலைகளை அள்ள வேண்டியிருக்கும்.