கால்பந்தில் நடுவர்கள் காட்டும் அட்டைகள் நியாயமானவையா? ரசிகர்கள் ஏன் ஓயாமல் வாதாடுகிறார்கள்?

என் கணிப்பில் பெரும்பாலான அட்டைகள் நியாயமானவைதான். ஆனால் நடுவர் பார்ப்பது அந்த ஒரு ஃபவுலை. ரசிகர் பார்ப்பது, அந்த அட்டை தன் அணிக்கு என்ன செலவு வைக்கும் என்பதை. பிறகு எப்படி ஒத்துப்போகும்?

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆவது நிமிடத்தில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் பதிய உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது எச்சரிக்கையான மஞ்சள், களத்தைவிட்டு வெளியேற்றும் சிவப்பு அல்ல. கூடுதல் நேரத்தில், 116ஆவது நிமிடத்தில், ஸ்பெயினின் இனியஸ்டா கோல் அடித்தார். இறந்துபோன சக வீரர் டானி ஹார்க்கேவின் பெயரை உள்பனியனில் எழுதியிருந்தார். அதைக் காட்டச் சட்டையைக் கழற்றினார். அதற்கும் மஞ்சள். "இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று அன்று கேட்ட கேள்வியை இன்னும் கேட்கிறார்கள். சட்டையைக் கழற்றினால் மஞ்சள் என்பது 2004 முதல் விதி. அங்கே நடுவருக்கு வேறு வழியே கிடையாது. டி யோங் விஷயத்தில் தன் பார்வை மறைந்திருந்தது என்றும், அது சிவப்புக்குரிய ஃபவுல்தான் என்றும் வெப் பின்னர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பார்க்க முடியாமல் போனதற்காக அவரைப் பாரபட்சக்காரர் என்று திட்டுவது சரியில்லை.

"பந்தைத்தானே முதல்ல தொட்டான்", "வேணும்னு செய்யலையே" இந்த இரண்டையும்தான் நான் அதிகம் கேட்கிறேன். டேக்கிள், அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வது என்று வரும்போது, ஃபவுல்களைப் பற்றிய 12ஆம் விதி இவை இரண்டையுமே பொருட்படுத்துவதில்லை. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்ற எண்ணமே இல்லாமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுமீறிய பலத்தோடு வந்து அவருடைய உடம்புக்கே ஆபத்து விளைவித்தால் சிவப்பு. பந்தைத் தொட்ட பிறகும் அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலில் பூட்ஸின் அடிக்குமிழ்கள் (ஸ்டட்ஸ்) இறங்கினால் அது சிவப்புதான். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வாதம் அடங்கிவிடும்.

மீதிப் பாதியில் ரசிகர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரே ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் வாங்கினால் சிவப்பு, வெளியேற வேண்டியதுதான். உண்மையான அநியாயம் அந்த இரண்டாவது மஞ்சளில்தான் நடக்கிறது. சிறுவர் ஆட்டங்களுக்கு விசில் பிடித்தவன் என்பதால் அந்தக் கணம் எனக்கு நன்றாகத் தெரியும். நடு மைதானத்தில் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்து எதிர்த் தாக்குதலை நிறுத்துகிறான். கை தானாகவே மார்புப் பைக்குப் போகிறது. போகும்போதே, இவன் ஏற்கனவே மஞ்சள் வாங்கியவன் என்பது நினைவுக்கு வருகிறது. கை இறங்கிவிடுகிறது. அவனை அருகில் கூப்பிட்டு, முன்பு ஃபவுல் செய்த இடங்களை விரலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, "இதுதான் கடைசி" என்று இரு கைகளையும் விரித்துக் காட்டுவார்கள் பாருங்கள், தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் காட்சி அது. இருபதாவது நிமிடத்தில் வேறொருவன் இதையே செய்திருந்தால் யோசிக்காமல் மஞ்சள் வந்திருக்கும். எதிரணி ரசிகர்கள் கொதிப்பது இதற்குத்தான் என்றால், அவர்கள் கொதிப்பதுதான் சரி.

கூட்டத்தின் சத்தமும் நடுவரைத் தொடாமல் இல்லை. வழக்கமாக வெளியூர் அணிக்குத்தான் அதிக அட்டைகள் விழும். 2020இல் ஆளில்லாத அரங்குகளில் ஆடியபோது அந்த வித்தியாசம் சுருங்கியதைப் பல லீக்குகளை அலசிய ஆய்வுகள் காட்டின.

அட்டையின் விலையைப் பார்க்காத நடுவர் எப்படி இருப்பார் என்பதற்கு எனக்கு உர்ஸ் மையர்தான் உதாரணம். 2002 உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனியும் தென் கொரியாவும். கொரியாவின் தாக்குதல் ஒன்று கோலை நோக்கி விரைகிறது. ஜெர்மனியின் பல்லாக் பின்னாலிருந்து தடுத்து வீழ்த்துகிறார். மையர் மஞ்சள் காட்டினார். இன்னொரு மஞ்சள் விழுந்தால் இறுதி ஆட்டம் கிடையாது என்ற நிலையில்தான் பல்லாக் அன்று ஆடினார்; அந்த மஞ்சள்தான் இது. சில நிமிடங்களிலேயே வெற்றி கோலை அடித்ததும் அவர்தான். இறுதி ஆட்டத்தில் பிரேசிலிடம் ஜெர்மனி 0-2 எனத் தோற்றபோது அவர் களத்தில் இல்லை. தண்டனை கொடூரமானது, ஆனால் அட்டை சரியானது. தண்டனையைத் திருத்த வேண்டியது விதியை எழுதுகிறவர்கள், அதைச் செய்தார்கள்: 2010 முதல் காலிறுதியோடு பழைய மஞ்சள் அழிக்கப்படுகிறது. பெனால்டி, சிவப்பு அட்டை, அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்று ஒரே தவறுக்கு மூன்று அடி விழுந்ததும் அப்படித்தான் 2016இல் மாறியது. பந்தை எடுக்க முயன்று பெனால்டி பகுதியில் ஃபவுல் செய்து, தெளிவான கோல் வாய்ப்பைக் கெடுத்தவருக்கு இப்போது மஞ்சள் போதும். களத்தில் நிற்பவர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். அவர் ஒருவருக்குக் காட்டும் இரக்கம் இன்னொரு அணியின் தலையில்தான் விடிகிறது.

வி.ஏ.ஆர்., அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை, வந்தால் எல்லாம் தீரும் என்று நம்பினார்கள். ஸ்லோ மோஷனில் பார்த்தால் எந்த டேக்கிளும் கொலைவெறியாகத் தெரியும். மெதுவாக ஓட்டிக் காட்டினால் நடுவர்களே கடுமையான அட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் ஃபவுலின் வேகத்தை, பலத்தை எடைபோட இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள், கால் எந்த இடத்தில் பட்டது என்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் ஸ்லோ மோஷன். ரீப்ளேயை ஒரு நொடியில் நிறுத்தி, அந்த ஒரு படத்தைப் பரப்பி "இதுக்கு ரெட் இல்லையா?" என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஓடும் காட்சியை அனுப்பினால் பேசுவேன்.

என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியாதது 2018 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் செனகலுக்கு நடந்தது. ஜப்பானுக்கும் செனகலுக்கும் தலா 4 புள்ளிகள், தலா 4 கோல்கள், வாங்கிய கோல்களும் சமம், நேருக்கு நேர் மோதிய ஆட்டமும் 2-2. ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6 என்பதால் செனகல் வெளியேறியது. கடைசி ஆட்டத்தில் போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்த ஜப்பான், மற்ற ஆட்டத்தில் செனகலும் தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்து, கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து மஞ்சள்களையும் காட்டியது ஒரே நடுவர் அல்ல. ஒருவர் எச்சரித்து விடுவதற்கு இன்னொருவர் அட்டை எடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட எண்ணிக்கையை வைத்து ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பியதற்குப் பதில் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால்கூட நான் ஏற்றுக்கொண்டிருப்பேன்.