அம்மாவுக்கும் சேர்த்து ஒரு மோட்டார்ஹோம்

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, 12, 9 வயதில் இரண்டு பையன்கள், 70 தாண்டிய அம்மா. பள்ளி விடுமுறையில் கேமரன் மலை, கிழக்குக் கரை என்று சுற்ற ஆசை. வேனை மாற்றிய கேம்பர்வேன், லாரி அடித்தளத்தில் கட்டிய பெரிய மோட்டார்ஹோம், காரில் இழுக்கும் கேரவன், இவற்றில் எது எங்களுக்குச் சரி?

பதில்: "ஆறு பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். வண்டி ஓடும்போது எத்தனை பேர் பெல்ட் போட்டு உட்காரலாம் என்று கேளுங்கள். பாதி வண்டிகளை அந்த ஒரு கேள்வியிலேயே கழித்துவிடலாம். மலேசியாவில் பின் சீட்டுக்கும் பெல்ட் 2009 முதல் கட்டாயம். வண்டியின் கிராண்டில், அதாவது பதிவுச் சான்றிதழில், எத்தனை இருக்கை என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் இல்லாத பக்கவாட்டு சோபாவில் அம்மாவை உட்காரவைத்து தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறினால், ஒரு வளைவில் அம்மா உருளுவார், அடுத்த வளைவில் டிபன் கேரியர் உருளும்.

இழுக்கும் கேரவன் உங்களுக்கு வேண்டாம். ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஐந்து பேரும் சாமானும் காருக்குள்தான். பின்னால் எடுப்பது தனி வித்தை. அடுக்குமாடியில் அதை எங்கே விடுவீர்கள்?

பெரிய மோட்டார்ஹோமில் ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பையன்கள் அதை விட்டு இறங்க மாட்டார்கள். உள்ளேயே கழிவறை இருப்பதால் இரவில் அம்மாவுக்கும் நிம்மதி. ஆனால் உயரம் 3 மீட்டரை ஒட்டி வரும். அந்த நீட்டிய பகுதியின் மூட்டுகள்தான் முதலில் ஒழுகும். நான் ஒருமுறை வாடகைக்கு எடுத்த வண்டியில் நள்ளிரவு மழைக்கு மெத்தை பாதி நனைந்து, மிச்ச இரவை ஓட்டுநர் சீட்டில் கழித்தேன். பழைய வண்டி வாங்கினால் மூட்டோரம் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. இன்னொன்று, வண்டியின் வெற்று எடை 3,500 கிலோவைத் தாண்டினால் உங்கள் டி லைசென்ஸ் (சாதாரண கார் லைசென்ஸ்) போதாது.

உயரக்கூரை டொயோட்டா ஹையேஸ் வேன் சுமார் 5.4 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் உயரம். ஓட்டுவது எளிது. ஆனால் மாடிக் கார் நிறுத்துமிடங்களின் வாசல் கம்பி பெரும்பாலும் அதற்கும் கீழேதான் தொங்கும். அதனால் எந்த வண்டியானாலும் அதை நிறுத்தும் இடத்தைப் பேசி முடித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மாற்றிய வேன் என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியைக் கண்ணால் பாருங்கள். அது இல்லாவிட்டால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கை விரிக்கலாம்.

அப்புறம் ஏர்கான். நம் ஊர்ப் புழுக்கத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். கூரை ஏர்கான் ஓடும்போது ஏறத்தாழ 1,000 வாட் இழுக்கும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுதாக இருந்தாலும் அதில் சுமார் 2,500 வாட்-மணிதான். நின்று நின்று ஓடினாலும் நான்கு மணி நேரம் வந்தால் பெரிது. விடியற்காலையில் வேர்த்து எழுந்துவிடுவீர்கள். கூரையில் 200 வாட் சோலார் தகடு போட்டால் நல்ல வெயில் நாள் முழுக்கச் சேர்ப்பது ஒரு மணி நேர ஏர்கானுக்கே சரியாகப் போகும். கடற்கரையில் தங்குவதானால் மின் இணைப்பு தரும் கேம்ப் தளம் வேண்டும். கேமரனில் இந்தத் தொல்லை இல்லை. தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரம், இரவில் போர்வைதான் தேவை.

சரி, என் தீர்ப்பு: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒரு இரவு பினாங்கிலேயே தெலுக் பாஹாங் பக்கம், ஒரு இரவு கேமரனில் தங்கிப் பாருங்கள். பிறகும் ஆசை இருந்தால், பெல்ட்டுடன் ஐந்து இருக்கை கிராண்டில் உள்ள உயரக்கூரை வேன் போதும். நீங்கள் மூவரும் உள்ளே, பையன்களுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம். அவர்களுக்கு அதுதான் கொண்டாட்டம்.

வண்டி பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள். முதல் படியில் அவர் கால் வைத்து ஏறும்போதே பாதி பதில் தெரிந்துவிடும்.