அம்மா ஏறிய மலையும் வைத்தியர் சொன்ன நடையும்

மதிப்புக்குரிய ஐயா,

என் அம்மா முப்பத்திரண்டு வருடங்கள் கொழுந்து பறித்துவிட்டுச் சென்ற வருடம்தான் ஓய்வு பெற்றார். சீனி வருத்தத்துக்காகக் கிளினிக் போகிறார். தினமும் அரை மணித்தியாலம் நடக்கும்படி வைத்தியர் சொன்னாராம். “மலை ஏறியே தேய்ந்த காலுக்கு இன்னும் என்ன நடை?” என்று அம்மா சிரிக்கிறார். முழங்கால் வலியும் இருக்கிறது. உடற்பயிற்சி உண்மையில் மருந்துதானா, அல்லது கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கான அறிவுரையா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. வைத்தியர் சொன்னதும் தவறல்ல. பாதியில் நின்றுவிட்டது என்பதே என் எண்ணம். மாத்திரையென்றால் எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கொப்பியில் எழுதுகிறவர்கள், நடையை மட்டும் வாயால் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைக்கிறார்கள். (கிளினிக் நாளின் வரிசையைப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்லவும் மனம் வராது.)

இலண்டனின் இருமாடி பஸ்களில் நாள் முழுதும் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய சாரதிகளைவிட மாரடைப்பு குறைவு என்று ஜெரி மொரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953இல் காட்டினார். அப்படியானால் கொழுந்து பறித்தவருக்கு ஏன் சீனி வருத்தம் வந்தது என்று கேட்பீர்கள். எல்லா உழைப்பும் ஒன்றல்ல. கோபன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் குறைவாகவும், தொழிலில் கடுமையாக உழைத்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. பாரத்தைச் சுமந்துகொண்டு சரிவில் மணிக்கணக்காக நிற்பதும், களைத்தபோது நிற்க முடியாமலிருப்பதும் எப்படிப்பட்டவை என்று உங்கள் வீட்டுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்கிறது. அதன் பலன் ஓரிரு நாள்தான் நீடிக்கும். சேமலாப நிதியைப் போல முப்பது வருட நடையைச் சேர்த்துவைத்து இப்போது எடுக்க முடியாது. அதனாலேயே வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்ற அளவையும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் சீனி வரும் எல்லையிலிருந்த 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், உணவும் உடலுழைப்பும் மாறியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதமும், மெட்போமின் என்ற சீனி மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதமும் குறைந்தன. இது நோய் இன்னும் வராதவர்களைப் பற்றியது என்பதால், அம்மாவைவிட உங்களுக்கே பொருந்தும் என்பதைக் கவனியுங்கள்.

அம்மாவுக்கு ஏற்றம் இறக்கம் வேண்டாம். முழங்காலை அதிகம் வருத்துவது இறக்கம்தான். தொழிற்சாலைப் பக்கத்துச் சமதரைப் பாதையில் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடமும், மழை நாளில் இஸ்தோப்பிலும் நடக்கலாம். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி தொடைத் தசையைப் பலப்படுத்தி முழங்கால் வலியைக் குறைக்கும். இன்சுலினோ, சீனியை வேகமாகத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவரானால் நடக்கும்போது தலைசுற்றலாம் என்பதால் கையில் கொஞ்சம் சீனி இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அம்மாவுடன் நீங்களும் போய், மாத்திரைக்குக் கீழே நடையின் அளவையும் கொப்பியில் எழுதித் தரும்படியும், முழங்காலை ஓர் இயன் மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) காட்ட வழிசெய்யும்படியும் கேளுங்கள்.