ஒரு பாடகிக்கும் ஒரு ஹொக்கி அணிக்கும் ஒரே நேரத்தில் இத்தனை வருடம் ரசிகராக இருக்க முடியுமா?

முடியும். மொன்றியலில் இதைப் போய் யாரும் கேட்க மாட்டார்கள், பாதி ஊர் அப்படித்தான். என்னுடைய பாடகி செலின் டியோன், என்னுடைய அணி மொன்றியல் கனேடியன்ஸ். "இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவீர்கள்" என்றும் கேள்வியின் கீழே சேர்த்திருக்கிறீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டும் ஒரே ரசிகத்தனம் இல்லை. அணியை நான் வாய் நிறைய ஏசுவேன். செலினை யாராவது ஒரு சொல்லுச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி, வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கு ஒரு சொல் தெரியாது. அம்மா ஷபனெல் தெருவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை, அங்கே நாள் முழுக்க வானொலி ஓடும், வானொலியில் நாள் முழுக்க செலின். 1995இல் ஜான்-ஜாக் கோல்ட்மன் அவருக்காக எழுதிக் கொடுத்த அந்தப் பிரெஞ்சு இசைத்தட்டு ஓடாத கடையும் இல்லை, டாக்சியும் இல்லை. சொல் சொல்லாக, அவசரமில்லாமல் பாடுவார், அதனால் எனக்கு வகுப்பில் ரீச்சர் சொன்னதை விட அதில்தான் முதலில் விளங்கியது. அம்மாவுக்குப் பிடித்த காரணமே வேறு. செலின், சார்ல்மான் என்ற சின்ன ஊரில் பதினாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. அவர் முதலில் பாடிய பாட்டைத் தாயும் சேர்ந்துதான் எழுதியிருக்கிறார். "பதினாலைப் பெத்து வளர்த்த மனுசி, கடைசிக்குப் பாட்டும் எழுதிக் குடுத்திருக்கிறா பார், நீங்கள் ரெண்டு பேர் என்னைப் படுத்துற பாடு" என்று ஏச்சு விழும்.

ஹொக்கி எனக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் வந்தது. (ஐஸ் ஹொக்கிதான், நம் ஊர்ப் புல்தரை ஹொக்கி இல்லை.) பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருந்தோம். கிரேக்கப் பெடியன், பங்களாதேசப் பெடியன், ஹெயிட்டிப் பெடியன், நான். சறுக்குச் சப்பாத்து வாங்க எவனிடமும் காசில்லை, ரெனிஸ் பந்தும் உடைந்த மட்டையும்தான். வாகனம் வந்தால் "கார்!" என்று ஒருவன் கத்த, கோல் வலையை இரண்டு பேர் தூக்கி ஓரத்தில் வைப்போம், போனதும் திரும்ப நடுவில். எல்லாருக்கும் அந்தச் சிவப்புச் சட்டை வேண்டும், நெஞ்சில் பெரிய சி எழுத்து, அதற்குள்ளே எச். 1909இல் தொடங்கிய அணி, ஐஸ் ஹொக்கியின் பெரிய கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை 24 தரம் வென்றது. கடைசியாக வென்றது 1993இல், அதாவது நாங்கள் வருவதற்கு முதல். கவனியுங்கள், நான் வந்ததற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சான் இதைச் சொல்லிச் சிரிப்பான். அவன் ரொறன்ரோ ரசிகன், அவர்கள் கடைசியாக வென்றது 1967இல். ஆகவே அவன் சிரிப்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை.

இரண்டு ரசிகத்தனத்துக்கும் ஒரே கட்டடம் என்பது எங்களுக்கு வாய்த்த வசதி. பெல் சென்ரரில்தான் ஆட்டம், அதே இடத்தில்தான் செலினின் நிகழ்ச்சிகளும். 1999 டிசம்பர் 31 இரவு, நீண்ட ஓய்வுக்குப் போவதற்கு முதல் அவர் கடைசியாகப் பாடியதும் அங்கேதான், அப்போது அதற்கு மோல்சன் சென்ரர் என்று பெயர். ஹொக்கிப் பருவத்தில் இசை நிகழ்ச்சி வைத்தால் பனித்தளத்தை உருக்க மாட்டார்கள், மேலே தடித்த பலகைகளை அடுக்கி, அதற்கு மேல் கதிரை போடுவார்கள். அதனால் கீழ்த்தளத்தில் இருந்தால் பாட்டு முழுக்கப் பாதம் சில்லென்று இருக்கும். அண்ணாந்து பார்த்தால் கூரையில் 24 பதாகைகள். அங்கே இருந்துகொண்டு செலின் பாடுவதைக் கேட்ட எவரிடமும் உங்கள் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள்.

சரி, இத்தனை வருடம் ரசிகராக இருக்க விசுவாசம் வேண்டும். அதைச் சோதித்த வருடம் 2016.

அதற்கு முந்தைய ஒக்டோபரில் பருவத்தை அணி தொடர்ந்து 9 வெற்றியோடு தொடங்கியது. நவம்பரில் கோல்காவலர் கேரி பிரைஸ் காயப்பட்டார், அதோடு எல்லாம் சரிந்தது. ஜனவரியில் ஆட்டம் பார்ப்பதே தண்டனை. அதே ஜனவரி 14ஆம் திகதி செலினின் கணவர் ரெனே ஆஞ்செலில் இறந்தார், இரண்டு நாள் கழித்து செலினின் அண்ணன் டானியலும் புற்றுநோயால் போனார். நோத்ர்-டாம் தேவாலயத்தில் ரெனேயின் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள், 1994இல் அவர்கள் கலியாணம் செய்த அதே தேவாலயம். அம்மா போக வேண்டும் என்று நின்றார். அந்தக் குளிரில் வரிசை தெருவைச் சுற்றிப் போனது. உள்ளே போனால் செலின் கறுப்பு உடுப்பில் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிற சனத்தைச் சந்தித்துக்கொண்டிருந்தார், மணிக்கணக்காக. அம்மாவுக்குப் பிரெஞ்சு அவ்வளவு வராது. கையைப் பிடித்துத் தமிழில் "அழாதை பிள்ளை" என்றார். செலின் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் அம்மா, எங்கள் ஊரில் செத்தவீட்டில் கூட இப்படி ஒருத்தரும் நிற்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் ஜூன் 29. எங்கள் வீரர் பி.கே. சுபானை நாஷ்வில் அணிக்குக் கொடுத்துவிட்டு ஷே வெபரை எடுத்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது வெறும் வீரர் பரிமாற்றம். எங்கள் ஒழுங்கைக்கு அப்படி இல்லை. சுபான் கரீபியனிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை, 2013இல் சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் விருது, பனியில் அவர் சிரித்தால் மொத்த அரங்கும் சிரிக்கும். வென்றதும் அவரும் பிரைஸும் கையை மூன்று தரம் தட்டிக்கொள்வார்கள், பயிற்சியாளர் அதையும் வேண்டாம் என்று நிறுத்தினார். அந்த அளவுக்கு மகிழ்ச்சி கூடாதாம்! பரிமாற்றத்துக்கு முந்தைய செப்டம்பரில்தான் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்கு 10 மில்லியன் டொலர் சேர்த்துத் தருவதாக அவர் உறுதி சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவனை அனுப்பினார்கள். நான் கேபிளை நிறுத்தினேன், அவருடைய 76 இலக்கச் சட்டையை அலுமாரியின் அடியில் போட்டேன், இனி இந்த அணியின் பெயரை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஒக்டோபரில் பருவம் தொடங்கியதும் வெட்கமில்லாமல் திரும்ப இணைப்பு எடுத்தேன். 2017 மார்ச்சில் நாஷ்வில் சட்டையோடு சுபான் மொன்றியலுக்கு விளையாட வந்தபோது பெரிய திரையில் அவருடைய காட்சிகளைப் போட்டார்கள், அரங்கம் எழுந்து நின்றது, அவருக்குக் கண் கலங்கியது. அப்போதும் நான் பார்த்தது மொன்றியல் வெல்ல வேண்டும் என்றுதான்.

இதுதான் அணியோடு உள்ள உறவு. ஆட்கள் மாறுவார்கள், பயிற்சியாளர் போவார், முகாமையாளர் விசர் வேலை பார்ப்பார், சட்டை மட்டும் அப்படியே இருக்கும். 2021இல் ரொறன்ரோ 3-1 என்று முன்னால் இருந்த தொடரை மூன்று ஆட்டம் தொடர்ந்து வென்று எடுத்தோம் (மச்சான் ஒரு மாதம் போனை எடுக்கவில்லை), ஜூன் 24, கியூபெக்கின் பெருநாளான சான்-ஜானில் லெக்கொனன் மேலதிக நேரத்தில் கோல் போட்டு இறுதிக்குப் போனோம், தெரு முழுக்கச் சனம். இறுதியில் தாம்பாவிடம் தோற்று, அடுத்த பருவமே லீக்கில் கடைசி இடம். கடைசி இடம்! 32க்கு 32. ஏசிவிட்டு அடுத்த வருடமும் பார்த்தோம்.

பாடகி அப்படி இல்லை. அவருக்கு மாற்று ஆட்டக்காரர் கிடையாது. எத்தனையோ வருடம் லாஸ் வேகாசில் போய்ப் பாடினார், ஊரை மறந்துவிட்டார் என்று இங்கே முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் சேரவில்லை. 1990இல் ஆங்கிலத் தட்டு போட்டதற்காக "ஆண்டின் ஆங்கிலக் கலைஞர்" என்று கியூபெக் இசைத்துறை கொடுத்த பரிசை, தான் கியூபெக் கலைஞர் என்று சொல்லி மேடையிலேயே வேண்டாம் என்றவர் அவர். 2022 டிசம்பரில் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் அபூர்வ நரம்பு நோய் தனக்கு இருப்பதாக அவரே சொன்னபோது, அந்தச் செய்தியை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் மறைத்தேன். அடுத்த மே மாதம் மிச்சச் சுற்றுப்பயணம் முழுக்க இரத்து. அணி தோற்றால் கோபம் வரும். இதற்கு யாரைக் கோபிப்பது?

பிறகு நடந்ததை நான் கேட்டு வாங்கியிருக்க முடியாது. 2023 ஒக்டோபர் 30, கனேடியன்ஸ் லாஸ் வேகாசில் விளையாடித் தோற்றது. அந்த ஆட்டத்துக்கு மகன்களோடு வந்திருந்தார் செலின், வெகுகாலத்துக்குப் பிறகு வெளியில் தலை காட்டியது அன்றுதான், ஆட்டம் முடிந்து எங்கள் வீரர்களைச் சந்தித்தார். அடுத்த வருடம் ஜூன் 28, அதே ஊரில் ஸ்பியர் அரங்கில் அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். எங்களுக்கு 5ஆவது தெரிவு. டெமிடோவ் என்ற ரஷ்யப் பெடியன் அதற்கு முதலே போய்விடுவான் என்றுதான் எல்லாரும் பயந்தோம். மூன்றாவது தெரிவில் போகவில்லை, நாலாவதில் போகவில்லை. நான் சோபாவை விட்டு எழுந்துவிட்டேன். அப்போது மொன்றியல் ஆட்கள் மேடைக்கு ஏற, அவர்களோடு செலின். அந்தப் பெயரை அறிவித்ததும் அவர்தான். அம்மாவுக்கு டெமிடோவும் தெரியாது, தெரிவும் தெரியாது. "மெலிஞ்சு போனாள், ஆனா முகம் தெளிவாயிருக்கு" என்றார். ஒரு மாதம் கூட ஆகவில்லை, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க நாளில் மழைக்குள் ஈபிள் கோபுரத்திலிருந்து பாடினார்.

எதை விடுவேன்? அணியைத்தான். நான் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அந்த அரங்கில் என் இடத்துக்கு இன்னும் இருபதாயிரம் பேர் இருக்கிறார்கள், பிறகு எப்படியும் ஒக்டோபரில் திரும்பிவிடுவேன். செலினின் நிகழ்ச்சி என்றால் ரிக்கெற் எந்த விலை என்றாலும் வாங்குவேன், தள்ளிவைத்தால் காசைத் திரும்பக் கேட்க மாட்டேன். ஹொக்கிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: சட்டை வாங்குங்கள், முதுகில் பெயர் போடாதீர்கள்.