நீலம் பாய்ந்த கத்தியும் மறுபடி சூடு வைக்கும் கடைக்காரரும்

கேள்வி: காலி வீதியில் மழைக்குள் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் குழாய் வெடித்து ஒழுகத் தொடங்கியது. சட்டைப்பையில் இருந்த மடக்குக் கத்தியால் குழாயை வெட்டி மாட்டினேன். அதே கத்தியால் கிளிப்பின் திருகாணியைத் திருப்பப் போய் நுனி 3 மி.மீ. அளவு முறிந்துவிட்டது. தெருவோரம் சாணை பிடிப்பவர் மெஷினில் நுனி எடுத்துத் தந்தார். அதன் பிறகு நுனிப் பக்கம் நீலமாக இருக்கிறது. எத்தனை தீட்டினாலும் இரண்டு நாளில் மொட்டையாகிறது. கத்திப் பைத்தியம் பிடித்த நண்பர்களைக் கேட்டால், ஒருவர் "சீனத்து இரும்பு, எறி" என்கிறார், இன்னொருவர் "நீலம் வந்தால் நல்ல பதம்" என்கிறார், மூன்றாமவர் அடுப்பில் சூடாக்கி எண்ணெயில் முக்கச் சொல்கிறார். புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் "மறுபடி ஹார்டனிங்" செய்து தருவதாகக் கத்தி விலையில் பாதி கேட்கிறார். என்ன செய்வது? கத்தியில் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் இருக்கிறது.
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். நண்பர்கள் மூவர் சொன்னதையும் விடுங்கள். கத்தி முழுதாகச் சாகவில்லை. நுனியில் சில மில்லிமீற்றர்தான் செத்திருக்கிறது. அதைக் கையால் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது பழைய கத்திதான்.

நடந்தது இதுதான். 6 அங்குலக் கல் பூட்டிய சாதாரண பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுற்றும். கல்லின் விளிம்பு செக்கனுக்கு 22 மீற்றர் வேகத்தில் உங்கள் கத்தியை உரசிப் போகிறது. கூர் இருக்கும் இடத்தில் இரும்பின் கனம் அரை மில்லிமீற்றர்கூட இராது. அந்தச் சூடு ஓடிப் பரவ அங்கே இரும்பே இல்லை. ஓரிரு செக்கனில் நிறம் ஏறிவிடும். பட்டறையில் அடித்த சாதாரணக் கரிம இரும்பில் வெளிர் மஞ்சள் 220 பாகை செல்சியஸ் அளவில் வரும், நீலம் 300 அளவில் வரும். ஸ்டெயின்லெஸில் அதே நீலம் வர 500 பாகைக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் பதம், அதாவது கூரைத் தாங்கும் கடினம், கழன்றுவிடும். அதனால்தான் உங்கள் கூர் உதிராமல் ஒரு பக்கமாக மடிகிறது. நீலம் நல்ல பதம் என்று சொன்ன நண்பர் எங்கோ ஸ்பிரிங் செய்யும் கதையைக் கேட்டுவிட்டுக் கத்திக்குப் பூட்டியிருக்கிறார். ஸ்பிரிங்குக்கு நீலம் சரி. கத்திக் கூருக்கு ஆகாது.

நிறம் வந்த பிறகு தண்ணீரில் முக்குவதால் எந்தப் பயனும் இல்லை. சாணைக்காரர்கள் எல்லாரும் "ஸ்ஸ்" என்று முக்கிக் காட்டுவார்கள், பார்ப்பவருக்குத் திருப்தி, அவ்வளவுதான். இன்னொரு தந்திரமும் உண்டு: நீலம் வந்த இடத்தைப் பஃப் சக்கரத்தில் பிடித்துப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். நிறம் மேலே இருக்கும் மெல்லிய படலம், அது போய்விடும். மென்மையான இரும்பு அப்படியே இருக்கும். உங்களுடையவர் நீலத்தை அழிக்காமல் தந்தது ஒருவகையில் உபகாரம், எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிகிறது.

இப்போது அந்த "மறுபடி ஹார்டனிங்". ஸ்டெயின்லெஸ் கத்தி இரும்புக்குத் தோய்ச்சல் போட, அதாவது கடினமாக்க, 1,000 முதல் 1,050 பாகை வரை ஒரே சீராகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் சில நிமிடம் வைத்து, வேகமாகக் குளிரவிட்டு, பிறகு 150–200 பாகையில் மணிக்கணக்காகப் பதப்படுத்த வேண்டும். அதற்குச் சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் மின்உலை வேண்டும். கடைக்காரரின் பின்னறையில் இருப்பது காஸ் டோர்ச்சும் ஒரு பேணி பழைய எஞ்சின் ஒயிலும். மடக்குக் கத்தியை முழுக்கக் கழற்றாமல் அலகை அப்படிச் சூடாக்கவும் முடியாது. பிடியின் பிளாஸ்டிக் உருகும், மூட்டு ஆணி இளகும். கழற்றாமல் செய்து தருகிறேன் என்று சொல்பவர் நுனியை மட்டும் சிவக்க வைத்து எண்ணெயில் போடுவார். அந்தச் சிவப்புக்கும் நல்ல இரும்புக்கும் நடுவில் புதிதாக ஒரு மென்மையான பட்டை உண்டாகும். இப்போது 5 மி.மீ. கெட்டிருந்தால் பிறகு 20 மி.மீ. கெட்டிருக்கும். அடுப்பு நண்பருக்கும் இதே பதில். லொறி ஸ்பிரிங்கில் அடித்த கத்தியென்றால் நல்ல கொல்லர் ஒருவர் 800 பாகை அளவில், காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெயில் தோய்த்து மீட்டுவிடுவார். உங்களுடையது அந்த இனம் இல்லை.

கையால் எடுக்கும் முறை இது. பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் இருபக்கக் கல் கிடைக்கும், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நடுத்தரம். அதோடு 1000 எண் தண்ணீர்க் கல் ஒன்று வாங்கினால் போதும் (எண் கூடக்கூடக் கல் நைசாகும்). 8000 வரை வாங்கச் சொல்லும் நண்பர்களுக்கு அது சொந்தக் காசு இல்லை. தண்ணீர்க் கல்லைக் குமிழி அடங்கும்வரை, பத்து நிமிடமளவில், ஊற வையுங்கள்.

முதலில் நுனி. நுனியை அலகின் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்க வேண்டும். கூர்ப்பக்கத்திலிருந்து மேலே ஏற்றக் கூடாது. கூர்ப்பக்கத்தைத் தேய்த்தால் நுனி முதுகுப் பக்கம் ஏறிவிடும். கத்தியை மடக்கும்போது அது பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டால் விரலையும் துணியையும் கிழிக்கும். உங்கள் சாணைக்காரர் அதையும் செய்திருக்கக்கூடும்: இப்போதே மடக்கி, பிடியின் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கரடுக் கல்லை ஈரமாக வைத்து, முதுகைக் கல்லில் செங்குத்தாகப் பிடித்து முன்னும் பின்னும் தேயுங்கள். நீலமும் அதன் ஓரத்து ஊதா, பழுப்பு நிறங்களும் முழுக்கப் போகும்வரை. அதற்கப்பால் இன்னும் ஒரு மில்லிமீற்றர். அரை மணி நேரம் பிடிக்கும், கை வலிக்கும். இதற்குள் பொறுமை போய் மெஷினுக்கு ஓடுபவர்கள்தான் சாணைக்காரர்களை வாழ வைக்கிறார்கள்.

பிறகு கூர். பாகையெல்லாம் அளக்கத் தேவையில்லை. அலகு 20 மி.மீ. அகலமென்றால் முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. உயர்த்திப் பிடியுங்கள், 25 மி.மீ. என்றால் எட்டரை. அது பக்கத்துக்கு 20 பாகை. அட்டைத் துண்டுகளை அந்த உயரத்துக்கு அடுக்கிக் கல்லின் ஓரத்தில் வைத்து, தொடங்குமுன் முதுகை அதில் சாய்த்துப் பாருங்கள். கூரின் ஓரத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் கறுப்புப் பூசி இரண்டு முறை தேயுங்கள். மை கூரின் கடைசி விளிம்புவரை போயிருந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரே பக்கமாகத் தேய்த்து, மறுபக்கத்தில் அடியிலிருந்து நுனிவரை பிசிர், அதாவது மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு விளிம்பு, வரும்வரை விடக் கூடாது. பிசிரை விரலால் முதுகிலிருந்து கூருக்கு வெளியே தடவிப் பாருங்கள்; கூரின் நீளத்துக்கு ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள். பிசிர் வந்ததும் மறுபக்கம், பிறகு 1000 கல்லில் அதே வேலை. கடைசியில் கத்தியின் பாரம் மட்டும் போதும் என்ற அளவுக்கு மெதுவாகப் பக்கம் மாற்றி மாற்றிப் பத்துத் தடவை. பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் இழுத்து முடியுங்கள்.

சரியாகிவிட்டதா என்று தெரிய காட்போட் பெட்டி ஒன்றை வெட்டுங்கள்: இருபது கீற்று அடிப்பக்கத்தால், இருபது நுனிப்பக்கத்தால். இரண்டு இடத்தையும் டோர்ச் வெளிச்சத்தில் நேருக்கு நேர் பாருங்கள். நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. மடிந்த கூர் வெள்ளைக் கோடாக மினுங்கும். நுனியில் மட்டும் கோடு தெரிந்தால் கெட்ட இரும்பு இன்னும் மிச்சம், மறுபடி அரை மில்லிமீற்றர் எடுங்கள்.

நீலம் பற்றி நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் உங்கள் நண்பர்களில் ஒருவர் தன் கத்தியைக் கொண்டுவந்து என்னைப் பொய்யன் ஆக்குவார். பட்டறைகளில் இரும்பறுக்கும் பெரிய மெஷின் வாள்களின் தேய்ந்த அலகில் கத்தி செய்வது உண்டு. அந்த வாள் முழுக்க ஹைஸ்பீட் ஸ்டீலாக (சூட்டிலும் கடினம் குறையாத இரும்பு) இருந்தால் அது 550 பாகை அளவில் பதப்படுத்தப்பட்ட இரும்பு. கிரைண்டரில் நீலம் வந்தாலும் அதன் பதம் அசையாது. அடையாளம் காண வாளின் முதுகில் எச்.எஸ்.எஸ். என்ற முத்திரையைத் தேடுங்கள். அது தேய்ந்திருந்தால் கிரைண்டரில் பிடிக்கும்போது பறக்கும் தீப்பொறியைப் பாருங்கள்: கரிம இரும்பு நீளமாக, வெளிச்சமாக, நட்சத்திரம் வெடிப்பதாகப் பொறி கக்கும், ஹைஸ்பீட் ஸ்டீலின் பொறி மங்கிய சிவப்பு, குறைவு, வெடிப்பே இராது. ஆனால் கவனம், இங்கேதான் விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள். இன்றைய வாள் அலகுகளில் பல இரட்டை உலோகம். பல் இருக்கும் ஓரத்தில் ஓரிரு மில்லிமீற்றர்தான் ஹைஸ்பீட் ஸ்டீல், மிச்சம் வளையும் ஸ்பிரிங் இரும்பு. பல்லைத் தேய்த்து எறிந்துவிட்டுக் கத்தி செய்தால் கிடைப்பது வெறும் முதுகு. அதையும் "வாள் கத்தி" என்று நல்ல விலைக்கு விற்பார்கள். உண்மையான வாள் கத்தியும் நெம்பினால் கண்ணாடித் துண்டாய் உடையும். உங்கள் ஸ்டெயின்லெஸ் மடக்குக் கத்திக்கு இந்த விலக்கு எதுவும் பொருந்தாது.

வழியில் செய்த பழுதுபார்ப்புக்கு வருவோம். குழாய் பெரும்பாலும் காபரேற்றரில் மாட்டும் முனையில்தான் வெடிக்கும். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, தாங்கியின் டெப்பை மூடி, பழைய முனையை இழுக்காமல் நீளவாக்கில் கீறிக் கழற்றுங்கள். இழுத்தால் காபரேற்றரின் முனையே உடையும். மீதியில் தளர்வு இருந்தால் 10–15 மி.மீ. நேர்வெட்டாக வெட்டி மாட்டலாம். வீட்டுக்குப் போக அது போதும், நிரந்தரம் அல்ல. பஞ்சிகாவத்தையில் புதுக் குழாய் வாங்கும்போது பழைய துண்டைக் கையில் கொண்டுபோங்கள், உள்விட்டம் கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளைக் குழாயை "இதுவும் ஓடும்" என்று தருபவரிடமிருந்து திரும்பி நடந்துவிடுங்கள். அந்த வகைப் பிளாஸ்டிக்கின் மென்மையைப் பெற்றோல் கரைத்து எடுத்துவிடும். சில வாரத்தில் கட்டையாகிச் சுருங்கி, சூடான எஞ்சினுக்கு மேலே கழன்று ஒழுகும்.

வயர் சீவும்போது கத்தியைச் சுற்றி வளைத்து வெட்டாதீர்கள். செம்பில் கீறல் விழுந்த இடத்திலேயே அதிர்வில் அறும். பற்றரியின் நெகற்றிவ்வைக் கழற்றிவிட்டு, அலகைச் சாய்த்துப் பென்சில் சீவுவதுபோல் உறையை மட்டும் எடுங்கள். திருகாணிக்கு ஆசனத்துக்கடியில் இருமுனை ஸ்குரூ ட்ரைவர் ஒன்று போதும். கத்தி நுனி வெட்டுவதற்காக மெல்லிதாக்கப்பட்டது, முறுக்கினால் முறியாமல் என்ன செய்யும்? உங்கள் கத்திக்கு அலகைத் திறந்தபடி நிறுத்தும் பூட்டு இல்லையென்றால் நுனியால் குத்தித் தள்ளவும் கூடாது, அலகு திரும்பி வந்து விரலில் மூடும். வேலை முடிந்ததும் மூட்டுக்கு ஒரு துளி தையல் மெஷின் ஒயில் விடுங்கள். பெற்றோல் பட்டால் பழைய எண்ணெய் கழுவிப்போயிருக்கும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஸ்டெயின்லெஸும் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

"எறி" என்ற நண்பருக்கும் ஒரு வார்த்தை. சீனத்திலும் நல்ல இரும்பு உண்டு. குறை எங்கேயென்றால், இங்கே விற்கும் பல கத்திகளில் "ஸ்டெயின்லெஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எந்தத் தரமும் எழுதப்படுவதில்லை, எழுதச் சொல்லி அழுத்துவாரும் இல்லை. கரண்டியும் ஸ்டெயின்லெஸ்தான், வாளியும் ஸ்டெயின்லெஸ்தான். நீங்கள் முறைப்பாடு செய்யலாம்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில், பொருளோ சேவையோ பெற்ற மூன்று மாதத்துக்குள், தொலைபேசி 1977. அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். சாணைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்ததை யார் கண்டது? கடைகளில் "கம்பனித் தீட்டல்" என்று வாங்கி வைப்பவர்கள் பின்கதவால் அதே மெஷின்காரரிடம் அனுப்பி நடுவில் காசு எடுக்கிறார்கள். அவர்களும் துண்டுச் சீட்டில் இலக்கம் எழுதித் தருவார்கள், கடையின் பெயர் இராது. பெயர் அச்சடித்த பற்றுச்சீட்டில் செய்த வேலையை எழுதித் தருகிறீர்களா என்று கேளுங்கள். புறக்கோட்டைக் கடைக்காரரிடமும் அதையே கேளுங்கள், விலை தானாகக் குறையும் அல்லது உலை தானாகப் பழுதாகும்.

இனி மெஷினுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய நாள் வந்தால் பக்கத்தில் நின்று, அலகை வெறும் விரலால் கூருக்கு அருகில் பிடிக்கச் சொல்லுங்கள். விரலுக்குச் சுடும்போது நிறுத்தி முக்க வேண்டும். நிறம் வரும்வரை காத்திருந்து முக்குபவர் என்றால் கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.