பிற மதங்களின் வேத நூல்களைப் படித்தால் மதங்களுக்கிடையே புரிதல் வளருமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு வளர்ந்தது. ஆனால் முதல் தடவை படித்தபோது இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு வேகத்தில் பைபிளை ஆதியாகமத்திலிருந்து தொடங்கினேன். யாத்திராகமம் பாதி வரை கதை ஓடியது. அப்புறம் கூடாரத் திரை எத்தனை முழம், எந்தப் பலிக்கு எந்தக் கொழுப்பு என்று வந்ததும் மூடி வைத்துவிட்டேன். (காந்திக்கும் இதே கதிதான். ஆதியாகமத்தைத் தாண்டினால் தூக்கம் வந்துவிடும் என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அவர் மனதைத் தொட்டது இயேசுவின் மலைப்பிரசங்கம்.) ஹாஸ்டல் அறைத்தோழன் கிறிஸ்தவன். "எவன்டா உன்னை மொதல்லேருந்து படிக்கச் சொன்னது? லூக்காவை எடு" என்றான். இயேசுவின் கதையைச் சொல்லும் பகுதி அது. பதிலுக்கு என் கீதையை வாங்கிக்கொண்டான்.

ரெண்டு நாள் கழித்துக் கேட்டான்: "சொந்தக்காரங்களைக் கொல்றதுக்குப் பதிலா பிச்சை எடுக்கலாம்னு ஒருத்தன் வில்லைக் கீழ போடுறான். அவனைப் போய் உங்க சாமி சண்டைக்கு அனுப்புதே?"

சுருக்கென்றது. சூதாட்டம், வனவாசம், ஐந்து ஊராவது கொடு என்று கண்ணன் தூது போனது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லும்போதே உறைத்தது. எனக்கு அந்த முன்கதை கூத்திலும் டிவியிலும் தானாக வந்து சேர்ந்தது. அவன் கையில் இருந்தது வெறும் புத்தகம்.

வேலைக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு பாயிடம் குர்ஆனின் தமிழ் தர்ஜமா (மொழிபெயர்ப்பு) வாங்கினேன். 114 அத்தியாயங்கள். நபிக்கு அருளப்பட்ட வரிசையில் அடுக்கியதில்லை. பெரும்பாலும் நீளமானவை முன்னால், சின்னவை பின்னால். கதைப் புத்தகம் மாதிரி எடுத்தால் பிடிபடாது. இணைவைப்போரை (இறைவனுக்கு இணையாக வேறு தெய்வங்களை வணங்குவோரை) கண்ட இடத்தில் கொல்லுங்கள் என்ற 9:5 வசனத்தை (9ஆம் அத்தியாயம், 5ஆம் வசனம்) மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களே, அதைப் பற்றி அவரிடமே தயங்கித் தயங்கிக் கேட்டேன். கோபப்படவில்லை. "முன்னாடி நாலு, பின்னாடி ஒண்ணு சேர்த்துப் படிங்க தம்பி" என்றார். முன்னால் உடன்படிக்கை பற்றிய பேச்சு. அதை முறிக்காதவர்களுக்கு விலக்கும் உண்டு. அடுத்த வசனம், அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பத்திரமான இடத்தில் சேர்த்துவிடச் சொல்கிறது. இதோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். சில இடங்கள் இன்னும் உறுத்துகின்றன, மனு தர்மத்தைப் படித்தால் உறுத்துகிற மாதிரியே.

ஆனால் 19ஆம் அத்தியாயம் மர்யம் வேறு ரகம். இயேசுவின் அம்மா பேரில் குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. லூக்காவில் பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்துகிறாள். வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. இங்கே பேரீச்ச மரத்தடியில் தனியாக வலி தாங்காமல், இதற்கு முன்பே செத்து மறந்து போயிருக்கக் கூடாதா என்று கதறுகிறாள். மரத்தை உலுக்கு, பழம் விழும், தின்று தண்ணீர் குடி என்று குரல் வருகிறது.

போன வருஷம் மகளுக்கு ஒன்பதாம் மாதம். பாயம்மா ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு வந்தார். "தினமும் ரெண்டு குடுங்க, எங்க வேதத்துல..." என்று ஆரம்பித்தவரிடம், "மர்யம் சாப்பிட்டதுதானே" என்றேன். "அட, தெரியுமா!" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் எழுந்து போக ஒரு மணி நேரம் ஆயிற்று.